வத்தானியாவில் சேரப் போறீங்களா? நட்சத்திரமா, பட்டையா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் நான் மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேன். வார இறுதியில் மலேசியத் தரைப்படையின் தொண்டூழியப் பிரிவான அஸ்கார் வத்தானியாவில் சார்ஜன். பயிற்சி முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணே, ஆபிசரா சேரணுமா, சாதாரணமா சேரணுமா, எது நல்லது?" என்று கேட்டுவிடுவான். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். நட்சத்திரம் என்றால் அதிகாரி, பட்டை என்றால் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து ஏறும் பதவி.

முதலில், எதில் சேரப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ரேலா என்ற மக்கள் தொண்டர் படை உள்துறை அமைச்சின் கீழ் உள்ளது. ஏபிஎம் வெள்ளம், பாம்பு, குளவிக்கூடு என்று ஓடும் பொதுமக்கள் தற்காப்புப் படை. 2025இல் மறுபடி தொடங்கிய பிஎல்கேஎன் 45 நாள் தேசியச் சேவை. வத்தானியா இவற்றில் எதுவும் இல்லை. அது தரைப்படையின் தொண்டூழியப் பிரிவு, 1958 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்டது. வேலையை விட வேண்டியதில்லை. வார இறுதிப் பயிற்சி, வருடத்துக்கு ஒரு முகாம், அவ்வளவுதான். ஆனால் நாட்டுக்கு அவசரம் என்று அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அதிகாரி ஆவதற்குப் பெரும்பாலோர் போகும் வழி பாலாபெஸ். அது அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் தொண்டூழிய அதிகாரிப் பயிற்சி. தஞ்சோங் மாலிம் உப்சியில் உண்டு, சிந்தோக் யூயூஎம்மில் உண்டு, பினாங்கு யூஎஸ்எம்மில் உண்டு. மூன்று வருடம் படிப்போடு சேர்த்தே போகும். தேறினால் மாமன்னரின் பெயரில் தவுலியா எனும் அதிகாரி நியமனம் கிடைக்கும், தோளில் ஒற்றை நட்சத்திரம் ஏறும், நீங்கள் லெஃப்டெனன் மூடா, அதிகாரிகளில் முதல் படி. ஆகவே பல்கலைக்கழகம் போக எஸ்டிபிஎம் முடிவுக்கோ மெட்ரிகுலேஷன் இடத்துக்கோ காத்திருக்கும் பிள்ளை அவசரப்பட்டுப் பிரெபெட்டாக, அதாவது கடைநிலைப் படைவீரராக, கையெழுத்துப் போட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் பருவத்திலேயே பாலாபெஸ் மேசையைத் தேடிப் போக வேண்டும். இரண்டாம் வருடத்தில் போய் நின்றால் மூன்று வருடப் பயிற்சியை எங்கே நுழைப்பது?

ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் முடித்து ஆலையிலோ பட்டறையிலோ வேலைக்குப் போய்விட்டவருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. பிரெபெட்டாகச் சேருங்கள். பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சியில் தேறினால் ஒரு பட்டை, லான்ஸ் கோப்ரல். அப்புறம் இரண்டு பட்டை கோப்ரல், மூன்று பட்டை சார்ஜன். அங்கிருந்து அதிகாரி ஆகிறவர்களும் உண்டு, ஆனால் அது குறுகலான வாசல். அதை நம்பிச் சேராதீர்கள்.

சரி, வேலையில் என்ன வித்தியாசம்? சுடும் மைதானத்துக்கு ஒருநாள் வந்து பார்த்தால் புரியும். காலையில் எல்லாருக்கும் தோட்டா எண்ணிக் கொடுப்பார்கள். சுட்டு முடித்த பிறகு காலிக் குப்பிகளை, கெலொங்சோங் என்போம், ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உச்சி வெயிலில் பிரெபெட்டுகள் லாலாங் புல்லுக்குள் தவழ்ந்து விரலால் துழாவுவார்கள். சட்டையெல்லாம் மண், கழுத்தில் எறும்பு. லெஃப்டெனன் மூடா தவழ மாட்டார். கையில் கணக்குத் தாளோடு நிற்பார், முகத்தில் மட்டும் வியர்வை இரண்டு மடங்கு ஊற்றும், ஏனென்றால் அந்தத் தாளில் இருப்பது அவர் பெயர். குப்பி கிடைத்ததும் பிரெபெட் உடம்பைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். அதிகாரி அப்போதுதான் உட்கார்ந்து அறிக்கை எழுத ஆரம்பிப்பார்.

உடம்பு வலித்தாலும் பரவாயில்லை, மனசு லேசாக இருக்க வேண்டும் என்பவருக்குப் பட்டைதான் பொருத்தம். முப்பது பேர் சாப்பிட்டார்களா, யாருக்குக் காய்ச்சல், யார் இன்னும் லாரியில் ஏறவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் யோசிக்கத் தயாராக இருப்பவருக்கு நட்சத்திரம். சல்யூட் வாங்கும் ஆசைக்காக மட்டும் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவுலியா படத்தை வரவேற்பறையில் மாட்டிவிட்டு, அதன்பின் ரெஜிமெண்ட் பக்கம் தலையே காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் அது ஓர் இடத்தை வீணடிப்பது.

படித்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் நட்சத்திரத்தோடு வருவீர்கள். உங்கள் அப்பா வயது சார்ஜன் உங்களுக்குச் சல்யூட் அடித்து "துவான்" என்பார், பெண்ணாக இருந்தால் "புவான்". கூச்சப்படாமல் திருப்பி அடியுங்கள். பிறகு அவரைத் தனியே அழைத்து, "சார்ஜன், இதை எப்படிச் செய்யலாம்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவரின் பிளாட்டூன் நன்றாகவே ஓடும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மாதச் சம்பளம் கிடையாது. பயிற்சிக்கு வந்த அளவுக்குப் பதவிக்கேற்ற படித்தொகை, நிபந்தனைப்படி பயிற்சியை முடித்தால் வருடத்துக்கு ஒருமுறை பவுண்டி எனும் ஊக்கத்தொகை. அதிகாரிக்குக் கொஞ்சம் கூடுதல். எந்தப் பதவியானாலும் இதை நம்பி மைவி காருக்குத் தவணை போடாதீர்கள், பணம் மெதுவாகத்தான் வரும்.

முதலாளி விஷயம்தான் நிறையப் பேரை விழுத்தாட்டுகிறது. அரசாங்க ஊழியருக்குத் தொண்டூழியப் படைப் பயிற்சிக்கென்றே விடுப்பு உண்டு. தனியார் என்றால் பேச்சு சாமர்த்தியம் வேண்டும். முகாம் கடிதம் கைக்கு வந்த அன்றே மேனேஜரிடம் கொடுங்கள், ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஓர் ஆளையும் கூடவே சொல்லுங்கள். செம்பனைப் பழம் குவிகிற மாதத்தில் முந்தின நாள் போய் நின்றால் எந்த ஆலையிலும் முகம் கறுக்கத்தான் செய்யும்.

தேர்வுக்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை முன்கூட்டியே பழகுங்கள். தோட்டத்து லாரிப் பாதை போதும், விடியற்காலையில் ஓடுங்கள். உயரம், எடை, பல், பாதம் எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு சோதனையும் உண்டு. அங்கே போய்த்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். முன்பே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்துவிடுங்கள். நேர்காணல் மலாயில் நடக்கும். ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு ஐந்தும் தட்டுத்தடுமாறாமல் வர வேண்டும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்து நிற்பதுதான் நம் பிள்ளைகளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று. தப்பு மலாயானாலும் சத்தமாகப் பேசுங்கள்.

மைகாட் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய நகல் எடுத்து ஒரே பைலில் போட்டு, உங்கள் வட்டாரத்து வத்தானியா முகாமுக்கு நேரில் போய் அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது என்று கேளுங்கள். அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாகப் போகாதீர்கள், காவலில் நிற்பவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.