இழந்தவர்களின் பெயர் தாங்கும் ஆயிரம் காகிதக் கொக்குகள்

கோவிட்-19 பறித்த உயிர்களின் நினைவாகப் பலர் சேர்ந்து செய்ய மிகப் பொருத்தமானது, காகிதத்தில் மடித்த கொக்குகளை நூலில் கோத்த கொக்குச் சரம். ஜப்பானிய வழக்கில் ஆயிரம் கொக்குகளை 40 வீதம் 25 சரமாகக் கோப்பார்கள். கொக்குகளில் இறந்தவர்களின் பெயர் எழுதுவதானால் 20 வீதம் 50 சரமே நல்லது. நீளம் கூடினால் மேலே இருப்பவற்றைப் படிக்க முடியாது.

காகிதம் 15 செ.மீ. சதுரம், கனம் 70–80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்). அதைவிடத் தடித்தால் கழுத்து மடிப்பில் வெடிக்கும். சதுரம் கொஞ்சம் பிசகினாலும் இறக்கைகள் ஏறுமாறாக நிற்கும். ஒருவரே எல்லாவற்றையும் வெட்டிக் கொடுக்கட்டும்.

கொக்கை மடித்த பிறகே இறக்கையில் பெயரை எழுதுங்கள். முன்பே எழுதினால் உள்மடிப்பில் மறைந்துவிடும். இறக்கைக்கு அடியில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுதினால் காகிதம் நசுங்காது. சில ஜெல் மைகள் ஈரத்தில் கரையும். நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மை நிலைக்கும். எழுத்துப்பிழை வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள், வேறொரு கொக்கு மடியுங்கள். அந்தப் பெயரைத் தேடித்தான் ஒரு குடும்பம் வரும்.

நூல் நுனியில் ஒரு பாசிமணியைக் கட்டுங்கள். ஊசி வயிற்றடித் துளையில் நுழைந்து முதுகின் கூர் உச்சியில் வெளிவர வேண்டும்; பக்கவாட்டில் குத்தினால் கொக்கு சாய்ந்து சரமே முறுக்கிக்கொள்ளும். இடையிடையே 3 செ.மீ. ஸ்ட்ரா துண்டு போட்டால் பெயர்கள் மறையாது.

நேர்வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.