ஜெர்மன் தனியாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாளையங்கோட்டையில் நர்ஸிங் முடித்த ஒரு பெண் தன் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். "அண்ணாச்சி, எண்ணூறு வார்த்தை படித்துவிட்டேன்" என்றார். நல்ல கையெழுத்து. இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் தமிழ், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் நான் வைத்திருந்த நோட்டும் அச்சாக இப்படித்தான் இருந்தது.

வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளை நம் பக்கத்தில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க எல்லோராலும் முடிவதில்லை. ஒரு பாடப்புத்தகம், அதன் ஒலிப்பதிவு, டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் இணையப் பாடங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு தாங்களாகவே படிக்கிறார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். தினமும் படிக்க வேண்டும், பாடங்களைத் தாவக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்ட்டிகிள் இல்லாமல் பெயர்ச்சொல் படிப்பது

அந்த நோட்டில் இருந்தது: டிஷ் – மேசை, ட்யூர் – கதவு, ஃபென்ஸ்டர் – ஜன்னல். இருந்திருக்க வேண்டியது: டேர் டிஷ், டீ ட்யூர், டாஸ் ஃபென்ஸ்டர். பெயருக்கு முன்னால் வரும் இந்த டேர், டீ, டாஸ்தான் ஆர்ட்டிகிள். மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டிலும் சேராத மூன்றாம் பால். கரண்டியும் முள்கரண்டியும் கத்தியும்கூட இப்படித்தான்: டேர் லோஃபல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர். மூன்றுக்கும் மூன்று பால்.

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. அவன், அவள் என்பதை யாரும் நமக்கு மனப்பாடம் செய்விக்கவில்லை. அஃறிணையில் ஒன்றா பலவா என்பதோடு முடிந்தது. ஜெர்மனிலோ பால் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல்லுக்கு டாஸ்தான் வரும், ஏனென்றால் 'ஷென்' என்ற விகுதி சிறுமையைக் குறிப்பது, அது எந்தப் பெயரில் ஒட்டினாலும் டாஸ். 'உங்' விகுதி பெற்ற பெயர்களுக்கு டீ. இரண்டு சொற்கள் சேர்ந்தால் கடைசிச் சொல்லின் பால். வீடு டாஸ் ஹவுஸ் என்பதால் மருத்துவமனையும் டாஸ் க்ராங்கன்ஹவுஸ். இப்படிச் சில பிடிமானங்கள் உண்டு. மற்றவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

எனக்கு அப்போது ஒருவர் சொன்னார்: "முதலில் வார்த்தை சேரட்டும், ஆர்ட்டிகிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." நம்பிவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்த காலம் அது. எட்டு மாதம், போகவர, ஆர்ட்டிகிள் இல்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஏற்றிக்கொண்டேன். அந்த அறிவுரையை இன்று யாராவது சொல்லக் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆர்ட்டிகிள் இல்லாத 'ஆயிரம் சொற்கள்' பட்டியலைப் பார்த்தாலும் அதே கோபம்தான். அந்தப் 'பிறகு' எனக்கு வரவே இல்லை.

இழப்பு எங்கே என்றால், வேற்றுமையில். மேசையை, மேசைக்கு, மேசையால் என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை ஜெர்மானியர்கள் பெரும்பாலும் தலையில், அதாவது ஆர்ட்டிகிளில் காட்டுகிறார்கள். 'ஐ' உருபின் இடத்தில் டேர் மட்டும் டேன் ஆகும், மற்ற இரண்டும் மாறாது. 'கு' உருபின் இடத்தில் டேம், டேர், டேம். 'மிட்' என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பிறகும் இதே வடிவங்கள்தான்: கரண்டியால் என்பது மிட் டேம் லோஃபல், முள்கரண்டியால் என்பது மிட் டேர் காபெல். ஆண்பாலுக்கு உரியதாக நாம் படித்த டேர் இங்கே பெண்பாலுக்கு வந்து நிற்பதைக் கவனியுங்கள். வேற்றுமை என்ற கருத்து நமக்குப் பள்ளியிலேயே பழகியது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காபெல் எந்தப் பால் என்று தெரியாதவருக்கு இந்த அட்டவணை முழுவதும் தலைகீழாகத் தெரிந்தும் பயனில்லை.

எனக்கு அதுதான் நடந்தது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். எழுதுதலில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் என் பேனா நின்றது. 52 வந்தது. அந்தப் பிரிவுக்கு மறுபடியும் பணம் கட்டினேன். நோட்டைத் திரும்ப எழுத ஐந்து மாதம் ஆனது. பழைய சொல்லுக்கு ஆர்ட்டிகிளைப் பின்னால் போய் ஒட்டுவது புதுச்சொல் படிப்பதைவிடக் கடினம். டிஷ் என்றதும் மேசை மனத்தில் வந்துவிடுகிறது. அதற்குமேல் எதையும் தேட மனம் ஒப்புவதில்லை.

சில இடங்களில் பொருளே மாறிவிடும். டேர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். நயினார்குளம் போன்ற நீர்நிலைக்கு டேர் ஸே, திருச்செந்தூர்க் கோயிலின் முன்னால் விரிந்து கிடப்பது டீ ஸே.

ஆகவே நோட்டில் மூன்று நிற மை வையுங்கள். ஆர்ட்டிகிளையும் பன்மையையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள். பன்மைக்கு நம் 'கள்' போல ஒரே விகுதி அங்கே இல்லை: டிஷே, ட்யூரன் என்று ஒவ்வொன்றும் ஒருவிதம், ஃபென்ஸ்டர் பன்மையிலும் ஃபென்ஸ்டர்தான். திருப்பிப் பார்க்கும்போது தமிழ்ப் பக்கத்தை மட்டும் மூடாமல் ஆர்ட்டிகிளையும் மூடி உங்களையே கேளுங்கள். தெரியவில்லை என்றால் அந்தச் சொல் உங்களுக்குத் தெரியாது என்றே கணக்கு வையுங்கள்.

ஆங்கிலத்தைப் பாலமாக்குவது

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஆங்கிலத்திலேயே யோசிக்கிறோம். பல இடங்களில் தமிழ்தான் பக்கத்து வழி. 'வைல் இஷ் ம்யூடே பின்' என்ற தொடரில் வினை கடைசிக்குப் போவதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் ஒரு தனி விதியாகப் படிக்கிறார். நமக்கு அது 'ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'எனக்குக் குளிர்கிறது' என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் 'மியர் இஸ்ட் கால்ட்' என்கிறார்கள்; மியர் என்றால் எனக்கு. ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு 'இஷ் பின் கால்ட்' என்றால், ஈரமில்லாத மனம் கொண்டவன் என்று நீங்களே உங்களைச் சொல்லிக்கொண்டதாக ஆகலாம். நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே உண்டு: டூ, ஸீ. நோயாளியிடம் எதைச் சொல்வது என்று தமிழ்ப்பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது

இந்தக் கட்டுரையில் ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது, அந்த எழுத்தே தெரியாதவரும் படிக்கட்டும் என்பதற்காக. உங்கள் நோட்டில் அது வேண்டாம். 'ஏற்கெனவே' என்பதற்கும் 'அழகான' என்பதற்கும் உள்ள ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஷோன்' என்றுதான் வரும். இரண்டாவது சொல்லில் ஓ-வின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. ஏ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஓ-வுக்குக் குவித்தால் அந்த ஒலி வரும். ஈ என்று சொல்லி உதட்டை ஊ-வுக்குக் குவித்தால் ட்யூரில் வரும் உயிரொலி. கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள்.

எண்களைக் கண்ணால் படிப்பது

இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்கிறார்கள். காதால் கேட்டு எழுதுங்கள்.

விடைக்குறிப்பை முதலில் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

வாய் திறக்காமல் படிப்பது

தனியாகப் படிப்பது என்றால் மௌனமாகப் படிப்பது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பி1 பேச்சுத் தேர்வில் பொதுவாக இன்னொரு தேர்வரோடு உரையாடித் திட்டம் போட வேண்டியிருக்கும். அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயைத் திறக்கிறார்கள். இதே பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த இரேனியுஸ் ஐயர் ஜெர்மன் பேசும் நாட்டிலிருந்து வந்த மிஷனரி. தமிழில் பிரசங்கம் செய்து, மக்களோடு பேசிப் பழகி, தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதி வெளியிட்டார். நம் மொழி அவருக்கு எவ்வளவு தொலைவோ அவர் மொழியும் நமக்கு அவ்வளவு தொலைவுதான்.

பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். தேர்வில் தோற்ற பிறகு நான் ரயிலில் நோட்டை மூடிவைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் தாமிரபரணி வரும்போது, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே போவேன்: டேர் ஃப்ளுஸ், ஆறு. டீ ப்ரூக்கே, பாலம். டாஸ் ஃபெல்ட், வயல்.