கற்பனை உலகில் சாமியோடு ஒரு பேரம்: எழுதத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் அம்மா ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்துவிடுவார். செடல் திருவிழாவில் முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம். ஆனால் மிகைபுனைவுக் கதை (ஃபேன்டஸி) எழுத உட்கார்ந்ததும் பலரும் பனிமலை, கல்கோட்டை என்று எங்கோ போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மனிதரும் தெய்வமும் பேரம் பேசும் ஒரு கதையை இங்கிருந்தே கட்டிப் பார்ப்போம்.

முதல் படி: பேரமா, அருளா?

7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டான் பல்லவ மன்னன். அவர் பதிகம் பாட, கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. அவர் கரையேறிய இடத்தைக் கரையேறவிட்ட குப்பம் என்றே சொல்கிறார்கள். 'காப்பாற்றினால் இதைத் தருகிறேன்' என்று அவர் எதுவும் பேசவில்லை. அது அருள். உங்கள் கதைக்கு வேண்டியது அருளா பேரமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பேரம் என்றால் இரண்டு பக்கமும் கை நீள வேண்டும்.

இரண்டாம் படி: தெய்வத்துக்கு என்ன குறை?

மனிதருக்கு என்ன வேண்டும் என்பது சுலபம். உயிர், பிள்ளை, மழை, வழக்கில் ஜெயம். கதையின் உயரத்தைத் தீர்மானிப்பது அடுத்த கேள்விதான்: சாமிக்கு என்ன வேண்டும்? எல்லாம் இருக்கிற தெய்வம் பேரத்துக்கு வராது. வந்தாலும் வாசகர் நம்ப மாட்டார்.

உதாரணத்துக்கு ஓர் உலகம். உப்பனாறு மாதிரி ஓர் ஆறு கடலில் சேரும் துறைமுக ஊர். முகத்துவாரத்தில் ஓதவல்லி என்றொரு நாச்சி. அவள் பெயரை மனிதர் வாய்விட்டுக் கூப்பிடும்வரைதான் அவளுக்கு உயிர். ஒருகாலத்தில் ஒவ்வொரு கப்பலும் அவள் பெயர் சொல்லித்தான் உள்ளே நுழையும். இப்போது முகத்துவாரம் மண் மேடிட்டுவிட்டது. கப்பல்கள் வேறு ஊருக்குப் போகின்றன. நாச்சி மெலிந்துகொண்டே வருகிறாள். அவளுக்கு ஒரு குரல் வேண்டும்.

கரையில் பூங்காவனம், நிறைமாதம். கணவன் புயலில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு தேவைகளும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

மூன்றாம் படி: வாக்கைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்

'அவள் நாச்சியிடம் வேண்டிக்கொண்டாள்' என்று ஒரு வரியில் தாண்டாதீர்கள். மொத்தக் கதையும் அந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. இரணியன் கேட்ட வரத்தைப் பாருங்கள். மனிதனால் சாவு கூடாது, மிருகத்தால் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. நரசிம்மம் அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் வைத்து முடித்தது. இராவணனோ மனிதரைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, அலட்சியம். ஒருவன் எல்லாக் கதவையும் அடைத்தான், இடுக்கில் மாட்டினான். மற்றவன் ஒரு கதவைக் கதவாகவே மதிக்கவில்லை. இந்த இரண்டு வகை ஓட்டைகளையும் வைத்து எத்தனையோ கதைகள் எழுதலாம்.

பூங்காவனம் சொல்வது இது:

"எங்க வீட்டுக்காரரு உசுரோட கரையேறிட்டா, பொறக்கிற புள்ளைக்கு உன் பேரையே வைக்கிறேன் ஆத்தா."

கணவன் திரும்பிவிடுகிறான். பெண் பிறக்கிறது. ஓதவல்லி என்று காதில் மூன்று முறை சொல்லிப் பெயர் வைக்கிறார்கள், ஜாதகத்திலும் எழுதுகிறார்கள். அப்புறம்? வீட்டில் 'பாப்பா', தெருவில் 'பூங்காவனம் பொண்ணு'. நம் வீடுகளில் நடப்பதுதானே. வாக்கு அப்படியே நிறைவேறிவிட்டது, ஆனால் பெயரைக் கூப்பிட ஆளில்லை. யாரும் ஏமாற்றவில்லை. எனக்கு இந்த வகைதான் மிகவும் பிடிக்கும். கெட்டவன் இல்லாமலே கதை இறுகுகிறது.

நான்காம் படி: சாட்சி

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன் அங்கே உருவமில்லாமல் பலிபீட வடிவில் இருக்கிறார். குறை உள்ளவர்கள் அதைப் பிராதாகத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதியில் கட்டுகிறார்கள். கேட்பவர் ஒருவர், நடத்தி வைப்பவர் இன்னொருவர். புதிதாக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய அமைப்பு இது. உங்கள் உலகத்திலும் மூன்றாம் ஆள் ஒருவரை வையுங்கள். நம் கதையில் கலங்கரை விளக்கின் காவல்முனி. அவர் கட்சி சேர மாட்டார். சொன்ன சொல்லை மட்டும் நினைவு வைத்திருப்பார்.

ஐந்தாம் படி: வசூல்

இடி, மின்னல், இரத்தமழை எதுவும் வேண்டாம். தெய்வம் தன் எல்லைக்குள்ளிருந்துதான் கடனைக் கேட்க வேண்டும். ஓதவல்லியின் எல்லை உப்புத்தண்ணீர். முதலில் பூங்காவனம் வீட்டுக் குடத்துத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. சோறு வடித்த கஞ்சி கரிக்கிறது, உப்பே போடவில்லை. கொல்லையில் முருங்கை இலை ஓரம் கருகுகிறது. பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாகத்தான் இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் நாக்கிலேயே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பூங்காவனம் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஆறாம் படி: விலையைக் கொடுப்பது யார்?

கேட்டவள் அம்மா. சுமப்பவள் ஏழு வயதுப் பெண். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த அநியாயத்தைக் கதை கண்டுகொள்ள வேண்டும், மூடிவிடக் கூடாது.

இதற்கு நம்மிடம் இருக்கிற பெரிய பாடம் கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவானின் கதை. பாண்டவர் ஜெயிக்க அரவானைக் களப்பலி கேட்கிறார்கள். அவன் சரி என்கிறான், ஆனால் தன் நிபந்தனைகளையும் வைக்கிறான்: சாவதற்கு முன் கல்யாணம் ஆக வேண்டும், 18 நாள் போரையும் பார்க்க வேண்டும். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனைக் கட்டிக்கொண்டு, மறுநாள் அவனுக்காகத் தாலியும் அறுக்கிறான். கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவது இந்தக் கதையை நினைத்துத்தான். பலி கேட்ட தெய்வமும் அழுதது. அதனால்தான் அந்தப் பேரம் இத்தனை காலம் நிற்கிறது. உங்கள் கதையிலும் தெய்வம் எதையாவது இழக்கட்டும்.

ஏழாம் படி: முடித்து வைத்தல்

கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுத்தவர்கள், காரியம் முடிந்ததும் திரும்ப வந்து அதைத் திரும்பப் பெற வேண்டும். மிகைபுனைவுக் கதைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். வரம் கிடைத்ததும், இல்லையென்றால் சாபம் விழுந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பேரத்தை எங்கே, யார் முன்னால், என்ன சொல்லி முடிப்பது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே குறித்துவையுங்கள்.

நம் கதையில் முடிக்கப் போகிறவள் பாப்பாதான். மாசிமகத்தன்று ஊர்ச்சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும்போது, அவள் தனியாக முகத்துவாரத்துக்குப் போகிறாள். காவல்முனி நடுவில் நிற்கிறார்.

அந்தக் காட்சியை நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம், பேச்சு மட்டும். நாச்சி கேட்பதை முதலில் எழுத வேண்டாம். தன் பெயரைத் திருப்பிக் கேட்க வந்த பெண் என்ன நிபந்தனை வைக்கிறாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.