எபிகூரஸைச் செட்டிநாட்டில் கடைப்பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்பமே வாழ்வின் இலக்கு என்று பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் சொன்னார் என்பதை மட்டும் கேள்விப்பட்டவர்கள் அவரைப் பந்தி விருந்தின் தத்துவஞானியாக எண்ணிவிடுகிறார்கள். இலை கொள்ளாமல் பரிமாறுவதைப் பெருமையாகக் கருதும் நம் செட்டிநாட்டில் இந்த எண்ணம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்து, கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி நண்பர்களோடும் மாணவர்களோடும் அங்கேயே வாழ்ந்த அவருக்கு அன்றாடம் ரொட்டியும் தண்ணீரும் போதுமாக இருந்தன. விருந்துண்ணத் தோன்றும் நாளுக்கென்று ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி அவர் நண்பருக்கு எழுதியதைத் தத்துவஞானிகளின் வரலாற்றை எழுதிய டயோஜினஸ் லேர்ட்டியஸ் பதிவு செய்திருக்கிறார். உடலில் வலியின்மையும் மனத்தில் கலக்கமின்மையுமே தாம் சொல்லும் இன்பம் என்று மெனோய்கியஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெளிவாக்கிவிட்டதால், இந்தத் தவறு ஒரு கடிதத்தைப் படித்த அளவில் தீர்ந்துவிடும். படித்த பிறகு வரும் தவறுகள்தாம் எளிதில் தீருவதில்லை.

அவற்றில் முதன்மையானது, ஆசைகளைப் பிரிப்பதற்குப் பதிலாகப் பொருள்களைப் பிரிப்பது. இயல்பானவை, அவற்றுள் தேவையானவை; இயல்பானவை, ஆனால் தேவையற்றவை; இயல்பும் அல்லாத, தேவையும் அல்லாத வெற்று ஆசைகள் என்று எபிகூரஸ் மூன்றாகப் பகுத்ததைப் படித்தவுடன், பலரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு சோறு, துணி, வீடு ஆகியவற்றை ஒரு பக்கத்திலும் நகை, கார், பலகாரம் ஆகியவற்றை மறுபக்கத்திலும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வெள்ளைப் பணியாரத்தை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? படியில் தலைதட்டி அளந்த பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் ஓரம் மொறுமொறுத்து நடு உப்பி வரும் அந்தப் பணியாரத்தை, "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுப்பா" என்று ஆச்சி தட்டில் போடும்போது வரமிளகாய்த் துவையலோடு உண்ண எழும் ஆசை இயல்பானது. கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் இட்லியோடு பசி அடங்கிவிடும் என்பதால் அது தேவையற்றதும் கூட. அதே பணியாரம் கல்யாணப் பலகாரப் பட்டியலில் ஏறி, சம்பந்தி வீட்டார் போன ஆவணியில் வைத்த வகைகளைவிட நம் இலையில் ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்கிற்குள் வந்துவிட்டால், மாவும் எண்ணெயும் மாறாமலேயே அந்த ஆசை வெற்று ஆசையாகிவிடுகிறது. நிறைவேறாவிட்டாலும் வலி தராத இயல்பான ஆசைகளின் மீது ஒருவர் கடும் முனைப்புக் காட்டினால், அந்த முனைப்பு பொருளின் இயல்பிலிருந்து வருவதன்று, மனிதனின் வெறுங்கற்பனையிலிருந்து வருவது என்று அவருடைய முதன்மைக் கோட்பாடுகளில் ஒன்று கூறுகிறது. எனவே தாளில் எழுத வேண்டியது பொருளின் பெயரை அன்று. அது கிடைக்காமல் போனால் நமக்கு எது வலிக்கும் என்பதைத்தான். வயிறு வலிக்குமா, பெருமை வலிக்குமா என்று கேட்டாலே பெரும்பாலான ஆசைகள் தாமாகவே தம் வகையைச் சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு, எபிகூரஸைப் பட்டினத்தாராக்கிவிடுவது. காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே என்ற வரியைக் கேட்டு வளர்ந்த வணிகக் குடும்பங்களில் ஆசை குறித்த எந்த அறிவுரையும் துறவின் குரலாகவே காதில் விழுவதில் வியப்பில்லை. எனினும் எபிகூரஸ் ஆசையை அறுக்கச் சொல்லவில்லை. கொஞ்சத்தில் மகிழப் பழகிக்கொண்டவன் நிறையக் கிடைக்கும்போது அதை அச்சமின்றி அனுபவிப்பான் என்பதே அவர் எளிமையைப் போற்றியதற்குக் காரணம். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதைக் கருதாதவன் மிதமிஞ்சிச் செலவழிப்பவனைப் போலவே தவறுகிறான் என்றும் வாத்திக்கன் சுவடியில் 1888-இல் கண்டெடுக்கப்பட்ட அவர் மொழித் தொகுப்பில் ஒரு கூற்று உள்ளது. பங்காளிகளுக்குப் பொதுவாக நிற்கும் பெரிய வீடுகளில் இந்தத் தவறை அடிக்கடி காணலாம். வசதி இருந்தும் வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டின்) ஓடு மாற்றாமல், ஐப்பசி மழை தொடங்கியதும் எந்த உத்தரம் நனைகிறதோ என்று இரவெல்லாம் விழித்திருப்பவர், தாம் எளிமையாக வாழ்வதாகச் சொல்லிக்கொள்கிறார். மனக் கலக்கத்தைப் போக்கும் செலவு எபிகூரஸின் கணக்கில் வீண் செலவன்று. தெருவிலேயே நம் முகப்புதான் எடுப்பாக இருக்க வேண்டும் என்று கடன் வாங்கிச் சாயம் பூசுவதுதான் வீண். அது வரும் தவணைகள் முழுவதற்கும் கலக்கத்தை விலைக்கு வாங்குவது.

கணக்கு என்று சொன்னதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். எல்லா இன்பமும் நல்லதே, ஆனாலும் எல்லா இன்பமும் தேர்ந்தெடுக்கத் தக்கதன்று. எல்லா வலியும் தீயதே, ஆனாலும் எல்லா வலியும் தவிர்க்கத் தக்கதன்று என்பது எபிகூரஸின் கருத்து. பற்று வைப்பதிலும் வரவு வைப்பதிலும் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காமல் ஐந்தொகை போட்டு நிலுவையைப் பார்த்த ஊருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர்களின் கொப்புளம் கண்ட பாதங்களை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பின்னர் வரும் நிறைவுக்காக வலியை ஏற்பது என்ற பாதிதான் அதில் பொருந்தும். தெய்வங்கள் பேரின்பத்தில் இருக்கின்றன, மனிதர்களுக்கு வரமும் தருவதில்லை, தண்டனையும் தருவதில்லை என்று கருதிய ஒருவரை முருகனடியார்களின் நடைப்பயணத்துக்குச் சாட்சியாக அழைப்பது இரு தரப்பாருக்கும் நியாயமாகாது.

வெளித்தெரியாமல் வாழ் என்ற அவர் மொழியைக் கொண்டு, உறவும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று கதவடைத்துக்கொள்வது இன்னொரு தவறு. அவர் விலகி நின்றது பதவிப் போட்டியிலிருந்து. நண்பர்கள் நிறைந்திருந்த அவருடைய தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும்கூட இடம் இருந்தது. வாழ்வு முழுவதும் இன்புற்றிருக்க அறிவு தேடித்தரும் அனைத்திலும் நட்பே பெரிது என்றவர் அவர். ஆனால் அந்த நட்பை மொய் நோட்டாக்கிவிடக் கூடாது. எப்போதும் உதவியையே தேடுபவனும் நண்பனல்லன், நட்பில் உதவிக்கு இடமே இல்லை என்பவனும் நண்பனல்லன். முன்னவன் அன்பை விற்றுக் கைம்மாறு வாங்குகிறான், பின்னவன் வருங்காலத்தின் மீதுள்ள நம்பிக்கையையே வெட்டிவிடுகிறான் என்பது அவர் நிலைப்பாடு. என் மகன் கல்யாணத்துக்கு அவர் எவ்வளவு வைத்தார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து அதே தொகையை வைப்பவரும், யாரிடமும் எதுவும் வாங்க மாட்டேன் என்று பெருமை பேசுபவரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, கேதம் கேட்கச் செல்லும் வீட்டில் செய்யும் தவறு. நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை என்ற அவருடைய வாதம், தன் சாவை எண்ணி அஞ்சுபவருக்காகச் சொல்லப்பட்டது; கணவரை இழந்து வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் அதை எடுத்துச் சொல்பவர், ஒரு நோயாளிக்கான மருந்தை வேறொரு நோயாளிக்குக் கொடுக்கிறார். அறிவுடையோனும் துயரப்படுவான் என்பதை எபிகூரியர்கள் ஒப்புக்கொண்டதாக டயோஜினஸ் லேர்ட்டியஸ் எழுதுகிறார். இறந்த நண்பர்கள் மீதுள்ள அன்பைப் புலம்பலால் காட்டாமல் நினைத்துப் போற்றுவதால் காட்டுவோம் என்ற மொழியும் அவர் பள்ளியைச் சேர்ந்ததே. தமக்கு முன்பே மறைந்த நண்பர் மெட்ரோடோரஸையும் தம்மையும் நினைவுகூர்ந்து, மாதந்தோறும் இருபதாம் நாளில் நண்பர்கள் கூட வேண்டும் என்று எபிகூரஸ் தம் உயிலில் எழுதிவைத்தார். ஆகவே அந்த வீட்டில் வாதத்தைச் சொல்லாமல், இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு வருவதே எபிகூரஸுக்கு நெருக்கமான செயல். முன்னோருக்குப் படைப்பு போடப் பங்காளிகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடும் வழக்கமுள்ளவர்களுக்கு அந்த இருபதாம் நாள் அந்நியமாகவும் தோன்றாது.