வீட்டு கராஜில் கார் லிஃப்ட்: முதலில் தரையைப் பாருங்கள்
கார் லிஃப்ட் வாங்குவோர் பெரும்பாலும் தூக்கும் திறனையும் விலையையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். உண்மையில் முதலில் ஆராய வேண்டியது காங்கிரீட் தரைதான். இரு தூண் லிஃப்டில் காரின் முழுப் பாரமும் தூண்களின் அடித்தகட்டையும், அதைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளையும் நம்பியே நிற்பதால், பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குலத் தடிமனும் 3000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் தாங்கும்) வலிமையும் உள்ள தரையைக் கேட்கிறார்கள். ஓரத்தில் தடித்துத் தெரியும் தளம் நடுவில் மெலிந்திருக்கக்கூடும். ஆகவே, காங்கிரீட்டை வலுப்படுத்த இறுக்கி இழுத்த எஃகுக் கம்பிகள் (போஸ்ட்-டென்ஷன்) உள்ளே பதிக்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, தூண் நிற்கவிருக்கும் இடத்திலேயே சிறு துளையிட்டு, நுனி வளைத்த கம்பியைத் தளத்தின் அடிவிளிம்பில் மாட்டி அளந்து பாருங்கள். விரிசலுக்கு அருகில் போல்ட் இறக்கவே கூடாது.

உயரக் கணக்கு எளிது: 5 அடி உயரக் காரை 6 அடி தூக்கினால் கூரை 11 அடிக்கு மேல் இருக்க வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் கதவு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கதவைத் திறந்து வைத்தே அளவெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கார் நிறுத்துவது மட்டுமே நோக்கமென்றால், நான்கு தூண் லிஃப்டே என் பரிந்துரை.

எந்த வகையானாலும், ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்லாதீர்கள். லிஃப்டைத் தூக்கிய உயரத்திலேயே தாங்கும் பாதுகாப்புப் பூட்டுகளின் மீது பாரத்தை இறக்கிய பின்னரே செல்லுங்கள்.