பண்டைய கிரேக்க நகர அரசான ஏதென்ஸின் எல்லையை வரைபடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் எல்லைக்கோடு எங்கே என்று தேடாதீர்கள், மலையைத் தேடுங்கள். வடக்கே பார்னெஸ், வடமேற்கே கித்தைரோன்: அண்டை நாடான பியோஷியா பக்கத்து எல்லை பெரும்பாலும் இவற்றை ஒட்டித்தான். அப்புறம் கணவாய்களைக் குறியுங்கள், ஃபைலே, எலூதெரே கோட்டைகள் அந்த வழிகளைப் பார்த்தபடி இன்றும் நிற்கின்றன.

மேற்கே இருந்த அண்டை நகர அரசான மெகாரா பக்கம்தான் சிக்கல். அங்கே எலூசிஸ் ஊரில் வழிபடப்பட்ட தேவியருக்கு (டெமீட்டர், அவள் மகள்) உரிய, யாரும் உழக்கூடாத புனித நிலம் ஒன்று இருந்தது, அது எதுவரை என்று முடிவு செய்ய கி.மு. 352 வாக்கில் ஏதென்ஸ் ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது.

சரி, காவல்? கி.மு. 330களில் 18 வயது இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, அதில் இரண்டாம் ஆண்டு எல்லை ரோந்து. அவர்களுடைய உறுதிமொழிக்குத் தெய்வங்களோடு நாட்டின் எல்லைகள், கோதுமை, பார்லி, திராட்சை, ஒலிவம், அத்தி எல்லாம் சாட்சி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதனால் வயல்களையும் மறக்காமல் குறியுங்கள்.