தாமிரபரணி கால்வாய்க்கரையில கிராவல் பைக்

மண்பாதைலயும் ஓட்டுற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிள்தான் கிராவல் பைக். அதுல போக ரோட்டு டிராஃபிக் வேண்டாம்னா கல்லிடைக்குறிச்சில ஆரம்பிச்சு சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்க்கரை மண்பாதைல போங்க, கரைப்பாதை முறியுற இடத்துல ஊருக்குள்ள ஏறி மறுபடி இறங்கிக்கலாம். தை, மாசிதான் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில கரை முழுக்க சேறு, வழுக்கும்.

டயர் 40 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கணும், 70 கிலோ ஆளுன்னா காத்தழுத்தம் 35 பிஎஸ்ஐ போதும், கல்லு போல காத்தடிச்சா கை வலிதான் மிச்சம்.

இங்க பெரிய எதிரி சீமைக்கருவேல முள்ளு, அதனால டியூப்லெஸ் போட்டு சீலன்ட் (ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம்) ஊத்திருங்க, டியூப்தான்னா பஞ்சர் ஆனதும் புது டியூப் மாட்டுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் ஒரு துணியால தடவி முள்ளு ஒடிஞ்சு நிக்கான்னு பாருங்க, இல்லன்னா அடுத்த நிமிஷமே மறுபடி போயிரும்.

நெல்லு காயப்போட்டிருந்தா இறங்கி உருட்டிட்டுப் போங்க. வழி தெரியலன்னா வயக்காட்டுல நிக்கிற அண்ணாச்சிட்ட கேளுங்க, மேப்பை விட அவருக்கு நல்லா தெரியும்.